அக்காவுக்கு வந்தது எனக்கு ஏன் வரவில்லை?



போன மாதம் பாகூர்ச் செப்பேட்டைப் பற்றி எழுதியிருந்தேன். ஒன்பதாம் நூற்றாண்டிலேயே, பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், நம் பாகூரில் ஒரு கல்விச்சாலை இருந்தது என்பதைப் படித்துவிட்டுப் பலரும் பெருமையாக எழுதியிருந்தீர்கள். இன்றைக்கு எழுதப்போவதும் வரலாறுதான். ஆனால் இது நம் உடம்புக்குள் இருக்கும் ஒரு மிகச் சிறிய பொருளின் வரலாறு. அதோடு எங்கள் குடும்பக் கதை ஒன்றும் சேர்ந்திருக்கிறது. கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். என் அம்மா வழி உறவுகள் மட்டும் கட்டாயம் கடைசிவரை படிக்க வேண்டும். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

முதலில் ஒரு தவறை ஒத்துக்கொள்கிறேன். வில்லியனூர், பாகூர் கொம்யூன் பள்ளிகளில் முப்பது வருடத்துக்கு மேல் அறிவியல் எடுத்திருக்கிறேன். "மைட்டோகாண்ட்ரியா செல்லின் ஆற்றல் மையம்" என்று உங்களை எத்தனை முறை எழுத வைத்திருப்பேன்! கரும்பலகையில் அவரைக்கொட்டை மாதிரி ஒரு படம் போட்டு, உள்ளே நெளிநெளியாகக் கோடு இழுத்துப் பாகம் குறிக்கச் சொல்வேன். செல் படத்தில் அதே கொட்டையை நாலு இடத்தில் போடுவேன். நாலும் ஒரே மாதிரி இருக்கும். அதுதான் நான் செய்த தவறு. அவை ஒரே மாதிரி இல்லை. ஒரே மனிதரின் உடம்பில், ஒரே செல்லுக்குள்கூட, அவை வேறுவேறாக இருக்கின்றன. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஓய்வு பெற்றபின் ஒரு மருத்துவரின் கேள்வி தேவைப்பட்டது.

என் அக்காவை உங்களில் பலருக்குத் தெரியாது. எனக்கு ஆறு வயது மூத்தவள். பாகூர்ப் பக்கத்தில் கட்டிக்கொடுத்தோம். ஒல்லியான உடம்பு, குள்ளம். 1984இல் அவளுக்கு முப்பத்தொரு வயதில் சர்க்கரை வந்தது. "இந்த உடம்புக்கா சுகரு?" என்று எல்லோரும் கேட்டார்கள். ஐந்தாறு வருடத்தில் காது மந்தமானது. பிறகு சிறுநீரகம் கெட்டது. 2004இல், ஐம்பத்தொரு வயதில் போய்விட்டாள்.

புகுந்த வீட்டில் சொன்ன பேச்சு இன்னும் என் காதில் இருக்கிறது. "நோயை மறைச்சிப் பொண்ணு குடுத்துட்டாங்க." அம்மாவோ, "என் வயித்துல என்ன குறையோ" என்று சாகும்வரை தன்னையே நொந்துகொண்டாள். அம்மாவுக்கும் வயதான காலத்தில் காது கேட்கவில்லை. அதை முதுமை என்று விட்டுவிட்டோம். என் தம்பிக்கு நாற்பத்தைந்து வயதில் சர்க்கரை வந்தது; காதில் குறை இல்லை. எனக்கு அறுபது தாண்டியும் எதுவும் இல்லை. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் நாங்கள். ஒருத்திக்கு மட்டும் ஏன் இவ்வளவு? இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்த வரலாற்றைப் படித்தேன்.

1890இல் ரிச்சர்ட் ஆல்ட்மன் என்ற ஜெர்மானியர், செல்லுக்குச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தபோது உள்ளே மணிமணியாகச் சில பொருள்கள் தெரிந்தன. இவை செல்லுக்குள் குடியிருக்கும் தனி உயிர்கள் என்று அவர் நினைத்தார். அன்றைக்கு யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1898இல் கார்ல் பெண்டா என்பவர் இவற்றுக்கு மைட்டோகாண்ட்ரியா என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் இழை என்பதற்கு ஒரு சொல், மணி என்பதற்கு ஒரு சொல், இரண்டையும் சேர்த்த பெயர். நம் பழைய பாடப்புத்தகத்தில் இருந்த "இழைமணி" என்ற சொல்லும் அதே பொருள்தான். பெயரிலேயே விஷயம் இருக்கிறது. சில இடத்தில் இழையாக, சில இடத்தில் மணியாகத் தெரிந்ததால்தான் இந்தப் பெயர் வந்தது. பெயர் வைத்தவர் பார்த்த வேற்றுமையைப் பாடம் எடுத்த நான் பார்க்கவில்லை.

இந்த மணிகள் என்ன வேலை செய்கின்றன என்பது தெரிய இன்னும் ஐம்பது வருடம் ஆனது. அந்தக் கதையில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. எல்லப்பிரகத சுப்பாராவ் 1895இல் ஆந்திராவின் பீமாவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கதர் உடுத்திக்கொண்டு கல்லூரிக்குப் போனதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். அவருக்கு எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் பாடம் எடுத்துவிட்டு, 1920களில் அமெரிக்காவுக்குப் போய் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கே என்பவருடன் சேர்ந்தார். 1929இல் தசையிலிருந்து ஏ.டி.பி. என்ற பொருளை அவர்கள் பிரித்தெடுத்தார்கள். அதே வருடம் ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதைக் கண்டுபிடித்தார்.

ஏ.டி.பி. என்றால் என்ன? நாம் சாப்பிடும் சோற்றின் ஆற்றலைச் செல் அப்படியே செலவழிக்க முடியாது. வயலில் விளைந்த நெல்லைக் கொண்டுபோய்ப் பேருந்தில் டிக்கெட் வாங்க முடியாதல்லவா? விற்றுச் சில்லறை ஆக்க வேண்டும். அந்தச் சில்லறைதான் ஏ.டி.பி. அதில் பெரும்பங்கு மைட்டோகாண்ட்ரியாவில் உண்டாகிறது. 1948இல் கென்னடி, லெனிங்கர் என்ற இருவர், கொழுப்பு எரிவது மைட்டோகாண்ட்ரியாவுக்குள்தான் என்று காட்டினார்கள். 1950களின் தொடக்கத்தில் ஜார்ஜ் பலாடி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அதன் உள்மடிப்புகளைப் படம் எடுத்தார். நான் கரும்பலகையில் போட்ட நெளிநெளிக் கோடு அவர் கண்டதுதான். அந்த மடிப்புகளில் ஏ.டி.பி. எப்படி உண்டாகிறது என்பதற்கு 1961இல் பீட்டர் மிட்செல் ஒரு விளக்கம் சொன்னார். பலர் ஏற்கவில்லை. 1978இல் அதற்கே நோபல் பரிசு கிடைத்தது.

இதுவரை வந்ததெல்லாம் வேலையின் கதை. இனி நோயின் கதை.

1962இல் சுவீடனில் ரோல்ஃப் லுஃப்ட் என்ற மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார்கள். முப்பது வயதைத் தாண்டியவர். எவ்வளவு சாப்பிட்டாலும் மெலிந்தே இருந்தார். சும்மா உட்கார்ந்திருந்தாலும் வியர்த்துக் கொட்டும். தைராய்டு என்று நினைத்தார்கள். தைராய்டு சரியாக இருந்தது. கடைசியில் அவர் தசையை எடுத்துப் பார்த்தபோது மைட்டோகாண்ட்ரியா எரிபொருளை எரித்துக்கொண்டே இருந்தன, ஆனால் அந்த எரிப்புக்கு ஏற்ற கட்டுப்பாடு இல்லை, வெப்பமாக வீணாகிக்கொண்டிருந்தது. மைட்டோகாண்ட்ரியா கெட்டால் மனிதருக்கு நோய் வரும் என்று முதன்முதலில் நிறுவியது இந்த ஒரு நோயாளிதான்.

அடுத்த வருடமே, 1963இல், மார்கிட் நாஸ், சில்வன் நாஸ் என்ற தம்பதியர் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தனியாக டி.என்.ஏ. இருப்பதைக் கண்டார்கள். செல்லின் உட்கருவில் இருக்கும் டி.என்.ஏ. பாதி அப்பாவிடமிருந்தும் பாதி அம்மாவிடமிருந்தும் வரும். இது அப்படி இல்லை. மனிதரில் இது அம்மா வழியில் மட்டுமே வருகிறது என்று 1980இல் காட்டினார்கள். அம்மாவிடமிருந்து மகனுக்கும் மகளுக்கும் வரும், மகளிடமிருந்து அவள் பிள்ளைகளுக்குப் போகும், மகனோடு நின்றுவிடும். 1981இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இதன் எழுத்து வரிசை முழுவதையும் படித்து முடித்தார்கள். மொத்தம் 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள். இந்தத் தாய்வழித் தடத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தின் குமாரசாமி தங்கராஜ், லால்ஜி சிங் குழுவினர் அந்தமான் பழங்குடிகளின் மூதாதையர் வரலாற்றை ஆராய்ந்து 2005இல் வெளியிட்டார்கள். செப்பேட்டைப் போல இதுவும் ஓர் ஆவணம்தான்.

ஆவணம் என்றால் எழுத்துப்பிழையும் இருக்கும். 1988இல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இரண்டு குழுக்கள், இந்த டி.என்.ஏ.வில் ஏற்படும் பிழை நோயை உண்டாக்குகிறது என்று காட்டின. இங்கிலாந்துக் குழு ஒரு முக்கியமான விஷயத்தைக் கவனித்தது. தசை நோய் வந்தவர்களின் தசையில் இருந்த மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. முழுவதும் கெட்டிருக்கவில்லை. நல்லதும் கெட்டதும் ஒன்றாகக் கலந்திருந்தன.

இங்கே கொஞ்சம் நிதானமாக வாருங்கள். உட்கருவில் ஒரு மரபணுவுக்கு இரண்டு பிரதிதான் உண்டு. மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வோ ஒரு செல்லுக்குள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில்கூட இருக்கும். அதனால் "இருக்கிறதா, இல்லையா" என்று மட்டும் கேட்டால் போதாது. "எத்தனை பங்கு" என்றும் கேட்க வேண்டும்.

எங்கள் அப்பா பாகூர் ஏரிப் பாசனத்தில் குத்தகைக்குப் பயிர் வைத்தவர். ஒரு வருடம் விதைநெல் மூட்டையில் வெள்ளைப் பொன்னியோடு சிவப்பு நெல் கலந்துவிட்டது. அந்த மூட்டையிலிருந்து பக்கத்து வீட்டுக்கு ஒரு கைப்பிடி, அத்தை வீட்டுக்கு ஒரு கைப்பிடி கொடுத்தார் என்று வையுங்கள். மூட்டையில் நூற்றுக்குப் பத்து சிவப்பு என்றால் ஒவ்வொரு கைப்பிடியிலும் அதே அளவு வருமா? வராது. ஒருவர் கையில் இரண்டு வரும், இன்னொருவர் கையில் முப்பது வரும். கை சின்னதாக இருக்க இருக்க வித்தியாசம் கூடும். அந்தக் கைப்பிடியை விதைத்து, அறுத்து, மறுபடி அதிலேயே விதை எடுத்தால் ஒரு வயல் ஏறக்குறைய வெள்ளையாகவும் இன்னொரு வயல் சிவப்பாகவும் போய்விடலாம்.

தாயின் உடலில் கருமுட்டை உருவாகும்போது இதுதான் நடக்கிறது. கலப்பாக இருக்கும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வில் ஒரு சிறு பகுதிதான் ஒவ்வொரு முட்டைக்கும் போய், அங்கே பெருகுகிறது. அதனால் ஒரே அம்மாவின் பிள்ளைகளுக்கு வேறுவேறு அளவு போகிறது. குழந்தை வளரும்போதும் செல் பிரியப் பிரியக் கைப்பிடிக் கணக்குத் தொடர்கிறது. கணையத்துக்கு ஒரு பங்கு, காதுக்கு ஒரு பங்கு, தசைக்கு ஒரு பங்கு. ஒரு செல்லில் கெட்ட பங்கு ஓர் எல்லைக்குள் இருக்கும்வரை நல்லவை ஈடுகட்டிவிடும். எல்லை தாண்டினால் அந்த உறுப்பு தடுமாறும். ஆற்றல் அதிகம் தேவைப்படும் உறுப்புகள் முதலில் தடுமாறும்.

1990இல் ஜப்பானியர்கள், மூளையையும் தசையையும் தாக்கும் ஒரு நோயில், 3243ஆம் இடத்தில் ஓர் எழுத்து மாறியிருப்பதைக் கண்டார்கள். 1992இல் நெதர்லாந்தில் ஒரு பெரிய குடும்பத்தை ஆராய்ந்தார்கள். அம்மா வழியில் சர்க்கரை நோயும் காது மந்தமும் சேர்ந்து வந்துகொண்டிருந்த குடும்பம். அங்கேயும் அதே 3243ஆம் எழுத்து. ஒரே எழுத்துப்பிழை, அதன் பங்கையும் அது போய்ச் சேர்ந்த உறுப்பையும் பொறுத்து, ஒருவருக்கு மூளை நோய், ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு ஒன்றுமே இல்லை.

சர்க்கரைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? கணையத்தில் பீட்டா செல்கள் இன்சுலின் சுரக்கின்றன. ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று அவற்றுக்கு யார் சொல்வது? அந்தச் செல்லே சர்க்கரையை எரித்துப் பார்க்கிறது. மைட்டோகாண்ட்ரியாவில் ஏ.டி.பி. கூடும், கூடியதும் செல்லின் சுவரில் பொட்டாசியம் போகும் வாசல் மூடும், அதன் தொடர்ச்சியாக இன்சுலின் வெளியே வரும். மைட்டோகாண்ட்ரியா பழுதானால் ஏ.டி.பி. போதாது. சர்க்கரை ஏறியும் செல்லுக்குச் சேதி போகாது. காதின் உட்பகுதியும் ஓயாமல் ஆற்றல் செலவழிக்கும் இடம். அதனால் அதுவும் சேர்ந்து கெடுகிறது.

நெதர்லாந்து ஆய்வு வெளிவந்த 1992இல் என் அக்கா உயிரோடு இருந்தாள். முப்பத்தொன்பது வயது. காது கேட்காததால் யார் என்ன பேசினாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவாள். நானும் பலமுறை எரிச்சலில் கத்திப் பேசியிருக்கிறேன். சர்க்கரைக்கு ஒரு மருத்துவர், காதுக்கு வேறொருவர், சிறுநீரகத்துக்கு வேறொருவர். மூன்றும் ஒன்றோடொன்று சேர்ந்தது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதற்காக யாரையும் குறை சொல்லவும் முடியாது. கண்டுபிடித்துச் சூடு ஆறாத விஷயம் அது.

அக்காவின் மகளுக்கு முப்பத்துமூன்று வயதில் சர்க்கரை வந்தது. அவளும் ஒல்லி. நாற்பதில் காது மந்தமானது. சில வருடங்களுக்கு முன் ஒரு பெரிய மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர் அவளை மூன்று கேள்வி கேட்டார். "அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா? அம்மாவுக்குக் காது கேக்குமா? அம்மாவோட அம்மாவுக்கு?" கூடப் போயிருந்த எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இருபது வருடம் எங்கள் வீட்டில் சாபம் என்று பேசியதை அந்தப் பெண் மூன்று கேள்வியில் ஒரு கோட்டில் கொண்டுவந்துவிட்டார்.

பரிசோதனையில் 3243 இருந்தது. ரத்தத்தோடு சிறுநீரும் எடுத்தார்கள். வயது ஏற ஏற ரத்தத்தில் கெட்ட பங்கு குறைந்துகொண்டே போகும். சிறுநீரில் வரும் செல்களில் நன்றாகத் தெரியும் என்று விளக்கினார்கள். அவளுக்கு நூற்றுக்கு அறுபதுக்கு மேல். பிறகு நானும் கொடுத்தேன். எனக்கும் இருக்கிறது. நூற்றுக்கு எட்டு.

பாருங்கள், அக்காவுக்கு வந்தது எனக்கும் வந்துதான் இருக்கிறது. என் கைப்பிடியில் சிவப்பு நெல் குறைவு, அவ்வளவுதான். நான் செய்த புண்ணியமும் இல்லை, அவள் செய்த பாவமும் இல்லை. அம்மாவின் வயிற்றில் குறை என்று சொல்லவும் ஒன்றுமில்லை. அம்மாவுக்கு அவள் அம்மாவிடமிருந்து வந்தது, அவ்வளவே. இதை அம்மாவிடம் சொல்ல முடியாமல் போனதுதான் எனக்கு வருத்தம்.

தெரிந்துகொண்டதால் என்ன பயன் என்று கேட்கலாம். முழுதாகக் குணப்படுத்தும் மருந்து இன்றைக்கு இல்லை. ஆனால் பயன் உண்டு. சர்க்கரைக்குப் பெரும்பாலோருக்கு முதலில் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையை இந்த வகை நோயாளிகளுக்குப் பொதுவாகத் தவிர்க்கிறார்கள்; ரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேரும் ஆபத்து இருக்கிறது. அக்கா மகளுக்கு மருந்தை மாற்றினார்கள். காது, கண், இதயம், சிறுநீரகம் நான்கையும் ஒழுங்காகப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். காதுக்கருவி வைத்தபின் அவள் பேச்சே மாறிவிட்டது. இதைப் படித்துவிட்டு நீங்களாக மெட்ஃபார்மினை நிறுத்திவிடாதீர்கள். மற்றவர்களுக்கு அது நல்ல மருந்து. சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள்.

இனி நம் எல்லோருக்குமான பகுதிக்கு வருகிறேன். எங்கள் வீட்டு வகை அரிது. பல நாடுகளில் பார்த்தவரை, சர்க்கரை நோயாளிகளில் நூற்றுக்கு ஒருவர் அளவுதான். ஆனால் நம் ஊரில் சர்க்கரை அரிதா? சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நாடு முழுவதும் 1,13,043 பேரைப் பரிசோதித்த கணக்கு 2023இல் வெளிவந்தது. இந்தியாவில் வயது வந்தோரில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. புதுச்சேரியில் 26.3 சதவீதம்! கோவா 26.4. அதற்கு அடுத்தது நாம்தான். வீட்டுக்கு நாலு பேர் என்றால் ஒருவர்.

இந்த ஒருவருக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் தொடர்பு உண்டா? இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நடந்த சில ஆய்வுகள், சர்க்கரை நோயாளிகளின் தசையிலும், அவர்களுடைய பிள்ளைகளின் தசையிலும் மைட்டோகாண்ட்ரியா மந்தமாக வேலை செய்கின்றன என்று சொல்லின. மைட்டோகாண்ட்ரியா சோர்ந்தால் கொழுப்பு எரியாது, எரியாத கொழுப்புத் தசையில் சேர்ந்து இன்சுலினுக்கு வழிவிடாது என்பது விளக்கம். கேட்கச் சரியாகத்தான் இருந்தது.

2008இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஸ்ரீகுமாரன் நாயரும் குழுவினரும் இதை நம்மவர்களிடம் சோதித்தார்கள். அங்கே குடியேறிய இந்தியர்களில் சர்க்கரை உள்ளவர்கள், இல்லாதவர்கள், வட ஐரோப்பிய வம்சத்தினர் என மூன்று பிரிவு. இந்தியர்களின் உடம்பு இன்சுலினுக்குச் சரியாக இணங்கவில்லை. அப்படியானால் மைட்டோகாண்ட்ரியா மந்தமாக இருக்க வேண்டும் அல்லவா? இல்லை. ஏ.டி.பி. உண்டாக்கும் திறன் வெள்ளைக்காரர்களைவிட இந்தியர்களுக்குக் கூடுதலாக இருந்தது. சர்க்கரை வந்த இந்தியர்களுக்கும் அப்படியே. "மைட்டோகாண்ட்ரியா சோர்ந்தால் சர்க்கரை" என்ற ஒற்றை வரி நம் உடம்புக்குப் பொருந்தவில்லை.

நம் கதை வேறு இடத்திலிருந்தும் தொடங்குகிறது. புனேயில் சித்தரஞ்சன் யாக்னிக் என்ற மருத்துவர் நம் பச்சைக் குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டார். நம் குழந்தை சராசரி 2.7 கிலோ, அவர்கள் குழந்தை 3.5 கிலோ. எடையில் இவ்வளவு குறைவாக இருந்தும் தோலுக்கடியில் கொழுப்பு மட்டும் அவ்வளவு குறையவில்லை, குறைந்தது சதைதான். மெலிந்த உடம்புக்குள் மறைந்திருக்கும் கொழுப்பு. "நான் ஒல்லி, எனக்கு வராது" என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு பக்கம், ஒரே செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா வேலையைப் பிரித்துக்கொள்கின்றன என்பதும் தெரியவந்தது. 1977இலேயே எலியின் இதயத் தசையில், செல்லின் சுவரோரம் இருப்பவையும் தசை இழைகளுக்கு நடுவே இருப்பவையும் வேறுவேறு வேகத்தில் வேலை செய்வதைக் கண்டிருந்தார்கள். பங்காரு வாய்க்காலில் வரும் தண்ணீர் ஒன்றுதான். ஆனாலும் ஏரிக்கரையோர வயலும் கடைமடை வயலும் ஒன்றா என்ன? 2018இல் எலியின் பழுப்புக் கொழுப்புச் செல்லைப் பார்த்தார்கள். கொழுப்புத் துளியோடு ஒட்டியிருந்த மைட்டோகாண்ட்ரியா கொழுப்பை எரிப்பதைவிடச் சேர்த்துவைக்கவே அதிகம் உதவின. விலகி இருந்தவை எரித்தன. 2024இல் நியூயார்க்கில் ஓர் ஆய்வு, ஏ.டி.பி. தேவை கூடும்போது ஒரே செல்லின் மைட்டோகாண்ட்ரியா இரண்டு வகையாகப் பிரிவதைக் காட்டியது. ஒரு வகை ஏ.டி.பி. உண்டாக்கும், இன்னொரு வகை அந்த வேலையை விட்டுவிட்டுப் புரதத்துக்கான மூலப்பொருளைத் தயாரிக்கும்.

ஆக எத்தனை இருக்கின்றன என்பதோடு, எத்தனை பங்கு பழுது, எங்கே இருக்கின்றன, என்ன வேலை வாங்குகிறோம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதில் கடைசி ஒன்று நம் கையில் இருக்கிறது. 1967இல் ஜான் ஹாலோசி என்பவர் எலிகளைச் சுமார் மூன்று மாதம் ஓடவிட்டார். அவற்றின் தசையில் மைட்டோகாண்ட்ரியாவின் எரிக்கும் திறன் ஏறக்குறைய இருமடங்கானது. தசை வேலை செய்யும்போது இன்சுலின் துணை இல்லாமலேயே சர்க்கரையை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளவும் செய்கிறது. நம் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் திறன் இருக்கிறது என்று 2008இலேயே பார்த்தாகிவிட்டது. வேலைதான் கொடுப்பதில்லை. எங்கள் அப்பா நாற்று முடியைத் தலையில் தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்தார். அவர் பேரன் தெருமுனைக் கடைக்கு வண்டியில் போகிறான். சாப்பாடு மட்டும் அப்பா சாப்பிட்ட அதே மூன்று வேளைச் சோறு.

இப்போது அம்மா வழி உறவுகளுக்கு. பெரியம்மா, சித்தி வீட்டுப் பிள்ளைகள், அவர்களில் பெண்கள் வழி வந்த பேரப்பிள்ளைகள் எல்லோரும் கேளுங்கள். உங்களில் யாருக்காவது இளம் வயதில் சர்க்கரை வந்து, காதும் மந்தமாக இருந்தால், மருத்துவரிடம் "எங்கள் குடும்பத்தில் 3243 இருக்கிறது" என்று சொல்லுங்கள். இந்த எண்ணைக் குறித்துவையுங்கள். மாமா வழிப் பிள்ளைகளுக்கு அவரிடமிருந்து இது வராது. என் தம்பியின் பிள்ளைகளும் அந்தக் கவலையை விடலாம்.

இதை வெளியில் எழுதலாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். அக்கா மகளுக்குக் கல்யாண வயதில் ஒரு பெண் இருக்கிறாள். "ஊர்ல என்ன பேசுவாங்க?" என்று எனக்கே பயம். அவளிடமே கேட்டேன். "எழுதுங்க சித்தி. அம்மாவுக்கு நடந்த மாதிரி மறைச்சிட்டாங்கன்னு யாரும் என் பொண்ண சொல்லக் கூடாது. தெரிஞ்சி வர்றவங்க வரட்டும்" என்றாள். அவள் தைரியத்தில்தான் எழுதுகிறேன். பெண் பார்க்கப் போகும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. யார் உடம்பில் எந்த எழுத்துப்பிழை எவ்வளவு பங்கு இருக்கிறது என்று எடுத்துப் பார்த்தால், குறையில்லாத குடும்பம் என்று ஒன்றைக் காட்ட முடியாது.

என் பழைய மாணவர்களில் பலர் இன்று ஆசிரியர்கள். ஒரு வேண்டுகோள். செல் படம் போடும்போது மைட்டோகாண்ட்ரியாவை நாலும் ஒரே மாதிரி போடாதீர்கள். ஒன்றை நீட்டியும் ஒன்றை உருண்டையாகவும் போடுங்கள். ஏன் இப்படி என்று எந்தப் பிள்ளையாவது கேட்கும். கேட்டால், இந்த டீச்சருடைய அக்காவின் கதையைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்